கஷ்டமான ஷெட்யூல் போட்டா மட்டும் சாம்பியன் வந்துருவானா? ஒரு ரெஸ்லிங் அம்மாவோட லெட்டர்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன ஞாயிறு ஸ்போர்ட்ஸ் பக்கத்துல அமெரிக்க காலேஜ் மல்யுத்தம் பத்தி ஒரு கட்டுரை வந்துச்சே, அதுக்குத்தான் இந்த லெட்டர். முதல்ல ஒரு தேங்க்ஸ் சொல்லிடறேன், தமிழ் பேப்பர்ல இந்த விளையாட்டுக்கு அரைப்பக்கம் ஒதுக்கி நான் பாத்ததே இல்ல, எங்க வீட்டுக்காரர் ஆன்லைன்ல பாத்துட்டு "ஏய் உன் சப்ஜெக்ட் வந்திருக்கு பாரு"ன்னு கூப்ட்டு காட்டினாரு, காபி ஆறிப்போனது கூட தெரியாம ரெண்டு தடவ படிச்சேன். ரெண்டாவது தடவ படிக்கும்போதுதான் கோவம் வந்துச்சு.

கட்டுரைல ஒரு பாரா, யாரு சீசன் பூரா பெரிய டீம்கூட மோதுறாங்களோ அவங்கதான் மார்ச் மாசம் நேஷனல்ஸ்ல ஜெயிக்கிறாங்க, லோக்கல் டீம்கூட மோதி ரெக்கார்ட ஏத்திக்கிட்டு வர்றவன் அங்க வந்து மண்ண கவ்வுறான், ஹாஃப் இயர்லி பேப்பர் கஷ்டமா இருந்தா பப்ளிக் எக்ஸாம் லேசா இருக்கும்ல அது மாதிரின்னு எழுதியிருந்தாரு உங்க கட்டுரையாளர். படிக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா இதே வசனத்த ஒரு கோச் வாயால கேட்டு, அத நம்பி, ஒரு வருஷம் பையன் பட்ட பாட்ட பக்கத்துல இருந்து பாத்தவ நான், அதான் சும்மா இருக்க முடியல.

நாங்க இருக்கறது சீடர் ரேப்பிட்ஸ், அயோவா. இங்கருந்து அயோவா யுனிவர்சிட்டி இருக்கற அயோவா சிட்டி அரை மணி நேரம். நம்ம ஊர்ல தெருவுக்கு தெரு கிரிக்கெட் மாதிரி இங்க ரெஸ்லிங், மளிகை கடைல பில் போடுற பாட்டி கூட நேத்து 149 பவுண்டு வெயிட் கிளாஸ்ல நடந்த மேட்ச பத்தி பேசும். 2015 நவம்பர் 14ம் தேதி கினிக் ஸ்டேடியத்துல, ஃபுட்பால் கிரவுண்டு நடுவுல ஒரு மேட்ட விரிச்சு அயோவா, ஓக்லஹோமா ஸ்டேட்னு ரெண்டு யுனிவர்சிட்டி டீமும் மோதினாங்க, 42,287 பேரு வந்தாங்க, அதுல நாலு பேரு நாங்க. அயோவா 18-16ன்னு ஜெயிச்சது. என் பையனுக்கு அப்ப பிடிச்ச பைத்தியம் இன்னும் விடல.

தெரியாதவங்களுக்கு சட்டுனு சொல்லிடறேன். இங்க காலேஜ்ல ஆடுறது ஒலிம்பிக்ல வர்ற ஃப்ரீஸ்டைல் கிடையாது, ஃபோக்ஸ்டைல்னு தனி ரகம். 3 நிமிஷம், 2 நிமிஷம், 2 நிமிஷம், மொத்தம் 7 நிமிஷம். எதிராளிய கீழ தள்ளுனா டேக்டவுன், இப்ப அதுக்கு 3 பாயின்ட். கீழ மாட்டிக்கிட்டவன் தப்பிச்சு எந்திரிச்சா எஸ்கேப், 1 பாயின்ட். மேல இருக்கறவன் எவ்ளோ நேரம் அமுக்கி வச்சிருந்தான்னு ஒரு தனி கடிகாரம் ஓடும், அதுல ஒரு நிமிஷத்துக்கு மேல கூடுதலா இருந்தா கடைசில 1 பாயின்ட், அதுக்கு பேரு ரைடிங் டைம். இந்த கீழ மேல சமாச்சாரத்த மட்டும் ஞாபகம் வச்சிக்கோங்க, பின்னாடி வருது. டிவிஷன் ஒன், அதாவது காலேஜ் விளையாட்டோட மேல் தட்டு, அதோட நேஷனல்ஸ்ல 10 வெயிட் கிளாஸ், ஒவ்வொண்ணுக்கும் 33 பேரு, மொத்தம் 330 பசங்க, மூணு நாள்ல முடிஞ்சிரும். முதல் 8 எடத்துல வர்றவன்தான் ஆல்-அமெரிக்கன்.

இப்ப உங்க கட்டுரையாளரோட பெரிய ஆதாரத்துக்கு வருவோம். 2025 மார்ச்ல ஃபிலடெல்ஃபியால நடந்த நேஷனல்ஸ்ல 10 சாம்பியன்ல 7 பேரு பிக் டென் கான்ஃபரன்ஸ் (தங்களுக்குள்ள மோதிக்கற காலேஜுங்களோட ஒரு கூட்டணி) பசங்க, அங்கதான் வாராவாரம் செம அடி, அதனாலதான் அவங்க ரெடியா வர்றாங்கன்னு எழுதியிருக்காரு. கணக்கு சரிதான், 7 பேருதான். ஆனா இது நம்ம ஊரு ஸ்கூல் விளம்பரம் மாதிரி இருக்கு சார். பத்தாவதுல 480க்கு மேல வாங்குன பசங்கள மட்டும் பாத்து பாத்து பதினொண்ணாவதுல சேத்துக்குவாங்க, ரெண்டு வருஷம் கழிச்சு எங்க ஸ்கூல் நூறு பர்சென்ட் ரிசல்ட், எங்க டெஸ்ட் பேப்பர் அவ்ளோ டஃப்னு பேனர் கட்டுவாங்க. டெஸ்ட் பேப்பர் காரணமா, சேத்துக்கிட்ட பசங்க காரணமா? ஹைஸ்கூல்ல ஸ்டேட் சாம்பியனா வர்ற பசங்க பென் ஸ்டேட், அயோவா, ஒஹாயோ ஸ்டேட்னுதான் போறாங்க, எல்லாம் பிக் டென். அவனுங்க ஒருத்தனோட ஒருத்தன் மோதுறதாலதான் ஷெட்யூல் கஷ்டமாவே ஆகுது.

சரி, பசங்க தரத்த எப்படி தனியா பிரிச்சு பாக்கறது? அதே ஆளு எடம் மாறினா என்ன ஆகுதுன்னு பாக்கலாம்ல. அதே 2025ல ஹெவிவெயிட் ஃபைனல் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், வயட் ஹென்ட்ரிக்சன் கடைசி நொடிகள்ல ஒரு டேக்டவுன் போட்டு ஒலிம்பிக் சாம்பியன் கேபிள் ஸ்டீவ்சன 5-4ன்னு சாய்ச்சானே அது. நான் இங்க சோபால இருந்து எந்திரிச்சு கத்துன கத்துல மாடில இருந்த சின்னவ பயந்து ஓடி வந்தா. அந்த ஹென்ட்ரிக்சன் அதுக்கு முன்னாடி ஏர் ஃபோர்ஸ் அகாடமில இருந்தான், 2023லயும் 2024லயும் மூணாவது எடம். அப்புறம் ஓக்லஹோமா ஸ்டேட்டுக்கு மாறுனான், அந்த வருஷம்தான் அங்க டேவிட் டெய்லர் கோச்சா வந்தாரு, உடனே சாம்பியன். இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா ஏர் ஃபோர்ஸும் ஓக்லஹோமா ஸ்டேட்டும் ரெண்டுமே ரெஸ்லிங்ல பிக் 12 கான்ஃபரன்ஸ்தான். கான்ஃபரன்ஸ் மாறல, மாறுனது பிராக்டிஸ் ரூம், கோச், கூட பிராக்டிஸ் பண்ற ஆளு.

அதே டீம்ல டீன் ஹமிட்டி, 174 பவுண்டு. இந்தப் பையன் விஸ்கான்சின்ல இருந்து வந்தவன், அதாவது பிக் டென்ன விட்டுட்டு வந்தவன். கட்டுரையாளர் சொல்ற மாதிரி பாத்தா கஷ்டமான ஸ்கூல்ல இருந்து லேசான ஸ்கூலுக்கு டிசி வாங்கிட்டு போனவன், அங்க போயி சென்டம் எடுத்தான், அதே 2025ல பட்டம் வாங்குனான். நியாயமா பேசணும்னா எதிர்ப்பக்கமும் ஒரு ஆளு இருக்கான், 197 பவுண்டுல ஜெயிச்ச ஸ்டீஃபன் புக்கானன், வயோமிங், ஓக்லஹோமான்னு பிக் 12ல சுத்திட்டு கடைசி வருஷம் அயோவாவுக்கு வந்து பட்டம் வாங்குனான். எங்க ஊரு டீம், சந்தோஷம்தான். ஆனா அயோவால அவனுக்கு கிடைச்சது ஷெட்யூல் மட்டுமா, அந்த ரூமும்தானே.

லேசான கான்ஃபரன்ஸ்ல இருந்து வந்தா மண்ண கவ்வுவான்னு சொன்னதுக்கு ரெண்டு பேர மட்டும் சொல்றேன். 2011ல அரிசோனா ஸ்டேட்டோட ஆன்தனி ரோபிள்ஸ், பிறவிலயே ஒத்த கால், 125 பவுண்டு. மேற்குப் பக்கம் பாக்-10 கான்ஃபரன்ஸ்ல ரெஸ்லிங் டீமே கொஞ்சம்தான், அங்க இருந்து வந்து 36-0ன்னு, அதாவது 36 வெற்றி, ஒரு தோல்வி கூட இல்லாம சீசன முடிச்சு ஃபைனல்ல எங்க அயோவாவோட நடப்பு சாம்பியன் மேட் மெக்டொனாவ 7-1ன்னு அடிச்சான். அப்புறம் 2023ல டல்சால நடந்த நேஷனல்ஸ்ல நார்தர்ன் கொலராடோவோட ஆண்ட்ரூ அலிரெஸ், 141 ஃபைனல்ல மறுபடியும் எங்க ஆளு ரியல் வுட்ஸ தோக்கடிச்சான். (எங்க ஆளுங்க தோத்ததா பாத்து பாத்து சொல்றேன்னு நெனைக்காதீங்க, அயோவால இருந்தா இதெல்லாம் மனசுல முள்ளு மாதிரி தங்கிரும்.)

முள்ளுன்னதும் 1970 ஞாபகம் வருது, நான் பொறக்கறதுக்கு முன்னாடி நடந்தது, ஆனா இங்க இன்னும் நேத்து நடந்த மாதிரி பேசுவாங்க. டான் கேபிள், அயோவா ஸ்டேட், ஹைஸ்கூல் காலேஜ் ரெண்டும் சேத்து 181 மேட்ச் வரிசையா ஜெயிச்சு தோக்காம வந்தவர். கடைசி மேட்ச், நேஷனல்ஸ் ஃபைனல், வாஷிங்டன் யுனிவர்சிட்டியோட லாரி ஓவிங்ஸ்ங்கிற பையன் 13-11ன்னு அவர கவுத்தான். வாஷிங்டன் ஒண்ணும் அப்ப மல்யுத்தத்துல அயோவா ஸ்டேட் அளவுக்கு பெரிய கை கிடையாது. அந்தப் பையன் அந்த ஒரு ஆள எப்படி சமாளிக்கறதுன்னு குறி வச்சு தயாராகி வந்தான். கேபிள் அப்புறம் 1972 மியூனிக் ஒலிம்பிக்ஸ்ல ஒரு பாயின்ட் கூட கொடுக்காம தங்கம் வாங்குனாரு, பிறகு எங்க அயோவாவுக்கு கோச்சா வந்து 15 நேஷனல் டைட்டில். அவரோட டீம்ல இருந்தவங்க இன்னைக்கும் பேசுனா பிராக்டிஸ் ரூம பத்திதான் பேசுவாங்க, எந்த டீம்கூட என்னைக்கு மோதுனோம்னு ஷெட்யூல பத்தி பேசி நான் கேட்டதில்ல.

இனி என் வீட்டுக் கதை. பையன் பேரும் வேணாம், காலேஜ் பேரும் வேணாம், வேற ஸ்டேட்டு, சின்ன புரோகிராம், டிவிஷன் ஒன்தான். வருஷமும் சொல்லல, கோச் இன்னும் வேலைல இருக்காரு, நல்ல மனுஷன்தான், அவர வம்புல மாட்டிவிட விருப்பம் இல்ல.

ரெண்டாவது வருஷம் அந்த கோச் சொன்னாரு, இந்த தடவ பெரிய கைங்ககூட மோதப்போறோம், டிசம்பர்ல லாஸ் வேகாஸ் டோர்னமென்ட், ஜனவரி பூரா ரேங்க் வாங்குன டீம்கூட டூயல் (ரெண்டு டீம் மட்டும் நேருக்கு நேர் மோதுறது), அடிபட்டு அடிபட்டுத்தான் தேறணும்னு. பேரன்ட்ஸ் மீட்டிங்ல எல்லாரும் தலைய ஆட்டுனோம், நானும்தான் ஆட்டுனேன். வேகாஸ்ல முதல் மேட்ச், எதிர்ல ஒரு ஆல்-அமெரிக்கன். ரெண்டாவது பீரியட் பாதி கூட தாண்டல, 15 பாயின்ட் வித்தியாசம் வந்தா மேட்ச நிறுத்திருவாங்க, நிறுத்திட்டாங்க. அடுத்த மேட்ச்ல பாட்டம்ல மாட்டுனான், அதாவது கீழ, முட்டி போட்டு கை ஊனி இருக்கான், மேல இருக்கறவன் ஒரு கால உள்ள கொக்கி மாதிரி விட்டு பின்னிக்கிட்டான், ரெண்டு நிமிஷம் முழுசும் இவனால எந்திரிக்கவே முடியல. ரைடிங் டைம் கடிகாரம் ஏறிட்டே இருக்கு, நான் அந்த கடிகாரத்தையே பாத்துட்டு இருக்கேன், மேட்ட பாக்க தைரியம் இல்ல.

அந்த ஒரு மேட்ச்ல தெரிஞ்சு போச்சு, இவனோட ஓட்டை பாட்டம். கோச்சுக்கும் தெரிஞ்சுது, இவனுக்கும் தெரிஞ்சுது, பெரிய டீம்கூட மோதுனதுல கிடைச்ச லாபம் அதுதான், ஒத்துக்கறேன். சின்ன டீம் பசங்க இவன கீழ புடிச்சு வைக்கவே இல்ல, அதனால அதுவரைக்கும் தெரியல. ஆனா ஓட்டைன்னு தெரிஞ்சுதே தவிர அடைக்க நேரம் எங்க இருந்துச்சு? அடுத்த வெள்ளி ஒரு டூயல், ஞாயிறு ஒரு டூயல், திங்கள் பஸ்ல திரும்பி வர்றது, செவ்வா ரெண்டு கிளாஸ் மிஸ் ஆனத புடிக்கறது, புதன் வெயிட் இறக்க ஆரம்பிக்கணும். வெயிட் இறக்கற ரெண்டு நாளு பிராக்டிஸ்ங்கறது வியர்வை எடுக்கறதுதான், புதுசா ஒரு மூவ் கத்துக்கற தெம்பு உடம்புல இருக்காது. ஏழு வாரத்துல ஏழு பேரு அதே காலக் கொக்கிய போட்டு அதே மாதிரி அமுக்குனாங்க. அவனுங்களும் வீடியோ பாப்பாங்கல்ல.

வெயிட் விஷயத்த உங்க கட்டுரை தொடவே இல்ல, அதுதான் எனக்கு பெரிய குறை. ஷெட்யூல்னா யாருகூட மோதுறோம்ங்கறது மட்டும் இல்ல சார், எத்தன தடவ தராசுல ஏறுறோம்ங்கறதும்தான். டூயலுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி வெயிங் இன், அதாவது எடை பாக்கறது. சின்ன டீம்கூட மேட்ச்னா கோச் ரெண்டாவது ஆள எறக்கிட்டு இவனுக்கு அந்த வாரம் ரெஸ்ட் கொடுக்கலாம், பெரிய டீம்னா முடியாது, ஒவ்வொண்ணுக்கும் இவன்தான் எறங்கணும், ஒவ்வொரு தடவயும் 10 பவுண்டு எறக்கணும். பொங்கலுக்கு மறுநாள் ஒரு டூயல், நாங்க அஞ்சு மணி நேரம் கார் ஓட்டிட்டு போனோம். தூக்குல சக்கரப் பொங்கல் எடுத்துட்டு போயிருந்தேன், புத்தி கெட்டவ. வெயிங் இன் முடியற வரைக்கும் அவன் ஜிம் படிக்கட்டுல ஒரு பாட்டில வச்சுக்கிட்டு எச்சில் துப்பிட்டு உக்காந்திருந்தான், உதடு வெடிச்சு வெள்ளையா இருந்துச்சு. முடிஞ்சதும் வந்து எலுமிச்சை சாதத்த ரெண்டு வாய் வச்சான், பொங்கல மோந்து பாத்துட்டு "நைட்டு சாப்பிடறேம்மா"ன்னான். அன்னைக்கு மேட்ச்ல மூணாவது பீரியட்ல கால் நிக்கல.

முன்னாடி இதவிட மோசம். 1997 கடைசில ரெண்டே மாசத்துக்குள்ள 3 காலேஜ் பசங்க வெயிட் இறக்கப் போயி செத்தே போனாங்க. அதுக்கப்புறம்தான் சானாவும் ரப்பர் சூட்டும் தடை, வெயிங் இன்ன மேட்சுக்கு பக்கத்துல கொண்டு வந்தது, சீசன் தொடக்கத்துலயே உடம்புல தண்ணி சத்து பாத்து இவன் இதுக்கு கீழ போகக்கூடாதுன்னு ஒரு வரம்பு வைக்கறது எல்லாம். வெயிட் கிளாஸே மாத்துனாங்க, 118 பவுண்டுன்னு இருந்த ரொம்ப லேசான கிளாஸ் 125 ஆச்சு. நல்லது பண்ணாங்க. ஆனாலும் ஒரு சீசன்ல பதினஞ்சு தடவ தராசு ஏறுறவனுக்கும் எட்டு தடவ ஏறுறவனுக்கும் மார்ச்ல உடம்பு ஒண்ணா இருக்காது, இது சமையக்கட்டுல நின்னு பாத்தவங்களுக்கு தெரியும்.

ஜனவரி கடைசில தோள்பட்டை போச்சு. சீசன் 9-14. கான்ஃபரன்ஸ் டோர்னமென்ட்ல பேண்டேஜோட எறங்கி ரெண்டு மேட்ச்ல வெளிய. அடிபட்டுத் தேறணும்னு சொன்ன மனுஷன் என்கிட்ட வந்து சாரி சொன்னாரு, அதுக்கு நான் அவர மதிக்கறேன்.

மூணாவது வருஷம் தலைகீழ். பட்ஜெட் இல்ல, வேகாஸ் இல்ல, பக்கத்து ஊரு டீமுங்க, ரெண்டு மூணு ஓபன் டோர்னமென்ட். இவன் 21-5. கட்டுரையாளர் சொன்ன அந்த ரெக்கார்ட ஏத்திக்கிட்டு வர்ற பையன் இப்ப நம்ம பையன்தான். கான்ஃபரன்ஸ்ல நாலாவது வந்தான். இங்க ஒரு விவரம் சொல்லணும், ஒவ்வொரு கான்ஃபரன்ஸுக்கும் ஒவ்வொரு வெயிட்லயும் இத்தன பேருன்னு நேஷனல்ஸுக்கு ஒரு ஒதுக்கீடு உண்டு. சீசன்ல ஜெயிச்ச சதவீதம், கோச்சுங்க போடுற ரேங்கிங், ஆர்பிஐன்னு ஒரு கணக்கு, இந்த மூணுல ரெண்டுலயாவது தேறுற ஆளு அந்த கான்ஃபரன்ஸ்ல எத்தன பேருன்னு பாத்து எடம் கொடுப்பாங்க. இவன் வெயிட்ல மூணு எடம்தான். மிச்சம் இருக்கற எடத்துக்கு கமிட்டி உக்காந்து ஆள் எடுக்கும், அதுக்கு அட்-லார்ஜ்னு பேரு. அங்கதான் ஷெட்யூல் வந்து கழுத்த புடிச்சுது. ஆர்பிஐங்கறது நீ எவ்ளோ ஜெயிச்சங்கறத மட்டும் பாக்காது, நீ மோதுன ஆளுங்க எவ்ளோ ஜெயிச்சாங்க, அவங்க மோதுன ஆளுங்க எவ்ளோ ஜெயிச்சாங்கன்னு தோண்டித் தோண்டி பாக்கும். பெரிய ஆள யாரையாவது ஜெயிச்சியான்னு கமிட்டி கேக்கும். இவன்கிட்ட 21 வெற்றி இருந்துச்சு, பேர் சொல்ற மாதிரி ஒண்ணு கூட இல்ல. லிஸ்ட் வந்த அன்னைக்கு சாயங்காலம் அவன் போன் பண்ணல, நாங்களும் பண்ணல.

அதனால கஷ்டமான ஷெட்யூலால பிரயோஜனமே இல்லன்னு நான் சொல்ல வரல. நேஷனல்ஸுக்கு டிக்கெட் வாங்க அது வேணும். நல்ல சீடிங், அதாவது டோர்னமென்ட் வரிசைல நல்ல எடம், கிடைக்க வேணும், 33 பேர்ல எந்த பக்கம் விழுறோம்ங்கறதே பாதி தலையெழுத்து. இன்னொண்ணும் இருக்கு, பயம் போகும். 2023ல டல்சா செமிஃபைனல், எங்க ஸ்பென்சர் லீ, மூணு தடவ சாம்பியன், நாலாவது பட்டத்துக்கு ரெண்டே மேட்ச். பர்டூவோட மேட் ரமோஸ் கடைசி நொடில அவன முதுகுல போட்டு பின் பண்ணிட்டான், அதாவது ரெண்டு தோளையும் மேட்டுல அமுக்கி மேட்ச அங்கயே முடிச்சுட்டான். ஊரே செத்த வீடு மாதிரி ஆச்சு. அதே சீசன்ல ஜனவரில ஒரு டூயல்ல லீ இந்த ரமோஸ பின் பண்ணியிருந்தான். ஒரு தடவ அந்த புடிய உணர்ந்தவன், அது எவ்ளோ தூரம்தான் போகும்னு தெரிஞ்சவன், அவனுக்கு செமிஃபைனல்ல அது புது பேய் இல்ல. இத நான் முழுசா ஒத்துக்கறேன்.

ஆனா மேட்ச் கம்மியா ஆடியும் ஜெயிச்சவங்களையும் பாருங்க. 2020-21 சீசன்ல கொரோனாவால பிக் டென் டீமுங்க கான்ஃபரன்ஸுக்குள்ள மட்டும்தான் மோதுனாங்க, விரல் விட்டு எண்ணலாம், அவ்ளோதான் மேட்ச். அந்த வருஷம் அயோவா டைட்டில் அடிச்சது, ஸ்பென்சர் லீ முட்டில ஜவ்வு கிழிஞ்ச நெலமல பட்டம் வாங்குனான். 2024ல பென் ஸ்டேட் கார்ட்டர் ஸ்டரோச்சி முட்டி அடிபட்டு பிக் டென் டோர்னமென்ட்ல எறங்கி மோதவே இல்ல, அதனால நேஷனல்ஸ்ல 9வது சீடிங் கொடுத்தாங்க, கேன்சஸ் சிட்டில போயி நாலாவது பட்டத்த வாங்கிட்டு வந்தான், அடுத்த வருஷம் அஞ்சாவது, சரித்திரத்துல அஞ்சு வாங்குன முதல் ஆளு. கடைசி ரிவிஷன் டெஸ்ட்டே எழுதாம வந்தவன் சார் அவன்.

பென் ஸ்டேட் எப்படி இப்படி ஜெயிக்குதுன்னு கட்டுரை பிக் டென்னோட நிறுத்திக்கிச்சு. கேல் சாண்டர்சன் (காலேஜ்ல 159-0, ஒரு மேட்ச் கூட தோக்காத மனுஷன்) 2009ல அங்க கோச்சா வந்தாரு, 2011ல இருந்து 2025 வரைக்கும் 12 டீம் டைட்டில், 2025ல 177 பாயின்ட், அப்ப அது ரெக்கார்டு, எறங்குன 10 பேரும் ஆல்-அமெரிக்கன். நெப்ராஸ்கா ரெண்டாவது எடம், 60 பாயின்ட் பின்னாடி. அதே பிக் டென் ஷெட்யூல்தான் நெப்ராஸ்காவுக்கும், அதே ஷெட்யூல்தான் மத்த எல்லாருக்கும். எல்லாரும் ஒரே கேள்வித்தாள் எழுதுறாங்க, ஒருத்தன் மட்டும் வருஷா வருஷம் முதல் மார்க்குன்னா வித்தியாசம் கேள்வித்தாள்ல இருக்க முடியாதுல்ல. அந்த ரூம்ல யாரு இருக்காங்கன்னு பாருங்க. நிட்டனி லயன் ரெஸ்லிங் கிளப்னு கூடவே ஒண்ணு ஓடுது, படிப்பு முடிச்ச பெரிய ஆளுங்க அங்க ஒலிம்பிக்ஸுக்கு பயிற்சி எடுப்பாங்க. டோக்கியோல தங்கம் வாங்குன டேவிட் டெய்லர் வருஷக்கணக்கா அங்கதான் இருந்தாரு. ரியோல தங்கம் வாங்குன கைல் ஸ்னைடர், ஒஹாயோ ஸ்டேட் ஆளு, 2019ல அங்க வந்து சேந்தாரு. கார்னெல்ல நாலு வருஷமும் நாலு வேற வெயிட்ல பட்டம் வாங்குன கைல் டேக், 2013 ஃபைனல்ல இதே டெய்லர 5-4ன்னு தோக்கடிச்சவரு, பின்னாடி அவரும் அங்கயே வந்துட்டாரு. செவ்வாக்கிழமை மதியம் உலக சாம்பியன்கிட்ட தோக்கறவனுக்கு வெள்ளிக்கிழமை எதுக்க யாரு வந்தா என்ன. செவ்வாக்கிழமை தோல்விக்கு ரெக்கார்டு கிடையாது, தராசு கிடையாது, பஸ் கிடையாது, தோத்த எடத்துலயே நிறுத்தி, மறுபடி, மறுபடின்னு பண்ணலாம்.

எங்க பையனோட நாலாவது வருஷம் அத கண்ணால பாத்தேன். பணக்கார காலேஜ் மாதிரி ஒலிம்பிக் ஆளெல்லாம் வரல, வேற எங்கயோ ரெஸ்லிங் முடிச்சிட்டு அந்த ஊருக்கு மேல படிக்க வந்த ஒரு பையன், சம்பளம் கூட இல்லாம ரூமுக்கு வர ஆரம்பிச்சான். அவனுக்கு அந்த காலக் கொக்கி போடுறதுதான் கைவந்த கலை. செப்டம்பர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் தினம் பிராக்டிஸ் முடிஞ்ச அப்புறம் இருபது நிமிஷம், நம்மாளு கீழ, அவன் மேல. வேற ஒண்ணும் கிடையாது. நான் ஒரு தடவ போய் பாத்தேன், உள்ள போனா சூடு மூஞ்சில அடிக்கும், செவுத்துலயும் மேட், தரைலயும் மேட், பிளீச்சிங் வாடையும் வேர்வை வாடையும் சேந்து கண்ணு எரியும். முதல் வாரம் ஒரு தடவ கூட எந்திரிக்கலயாம். நான் போனப்ப பத்துல மூணு. இவன் காது காலிஃப்ளவர் மாதிரி வீங்கி, ஊசி போட்டு எடுத்தும் திரும்ப வீங்கிடுச்சு, "அத விடும்மா, இடுப்ப எப்படி திருப்பறேன்னு பாரு"ன்னு எனக்கு காட்டுறான், எனக்கு என்ன தெரியும், பாத்தேன்.

அந்த வருஷ ஷெட்யூல் ரொம்ப கஷ்டமும் இல்ல, ரொம்ப லேசும் இல்ல. கோச் பெரிய டீம்கூட மூணே மூணு டூயல் வச்சாரு, ஒவ்வொண்ணுக்கும் அப்புறம் ஒரு வாரம் காலி விட்டாரு. அத யாரும் பேப்பர்ல எழுதமாட்டாங்க, காலி வாரத்துக்கு ஏது செய்தி. கான்ஃபரன்ஸ்ல ரெண்டாவது வருஷம் இவன ஏழு நிமிஷமும் நசுக்குன அதே பையன் எதுக்க வந்தான், ரெண்டாவது பீரியட் இவன் பாட்டம் எடுத்தான், தானா கேட்டு எடுத்தான், எனக்கு இங்க உயிரே இல்ல. விசில் ஊதி பத்து செகண்டு இருக்கும், எந்திரிச்சுட்டான். நேஷனல்ஸுக்கு டிக்கெட் கிடைச்சுது. அங்க போயி ஒண்ணு ஜெயிச்சு ரெண்டு தோத்தான், ஆல்-அமெரிக்கன் எல்லாம் இல்ல, ஜெயிச்ச அந்த ஒண்ணு 1 பாயின்ட்ல, அது எஸ்கேப்.

உங்க கட்டுரையாளர் அடுத்த தடவ எழுதும்போது யாரு எந்த டீம்கூட மோதுனாங்கங்கற அட்டவணை கூடவே, மார்ச் வரைக்கும் எத்தன தடவ தராசு ஏறுனாங்க, நடுவுல எத்தன வாரம் காலியா இருந்துச்சு, ரூம்ல கூட யாரு இருந்தாங்கன்னும் கேட்டுப் போடட்டும். கிடைக்கும், டீம் வெப்சைட்லயே ஷெட்யூல் தேதியோட இருக்கு, ரூம்ல யாரு இருந்தான்னு கோச்சுங்கள கேட்டா சந்தோஷமா சொல்லுவாங்க.

அப்புறம் ஒரு சின்ன திருத்தம், படத்துக்கு கீழ புக்கானன ஹெவிவெயிட் சாம்பியன்னு போட்டிருக்கீங்க, அவன் 197, ஹெவிவெயிட்ல ஜெயிச்சது ஹென்ட்ரிக்சன். எங்க ஊரு பையன், அதான் கண்ணுல பட்டுச்சு.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சீடர் ரேப்பிட்ஸ், அயோவா